நோயின் தடம் தேடும் உத்தியோகம்

"உங்கள் பிள்ளை படித்து என்னவாக வரவேண்டும்?" என்று பெற்றோரிடம் கேட்டால் வரும் பதில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டொக்டர், எஞ்சினியர், ஆசிரியர், வங்கி உத்தியோகத்தர். காணியையும் வீட்டையும் விட்டு வந்த குடும்பங்களில் இந்தப் பட்டியல் இன்னும் சுருங்கிவிடும். "மாதம் முடியச் சம்பளம் வரும் வேலை எதுவானாலும் போதும், பாதர்" என்பார்கள். வயலை இழந்தவருக்கு மாதச் சம்பளத்தின் அருமை நன்றாகத் தெரியும். அந்தப் பதிலில் குறை காண முடியாது.

ஆனால் "என் மகள் தொற்றுநோயியலாளராக வரவேண்டும்" என்று சொன்ன தாயையோ தகப்பனையோ நான் இன்னும் சந்திக்கவில்லை. 2020ஆம் ஆண்டு கொரோனா வந்தபோது சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு என்ற பெயர் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாள்தோறும் ஒலித்தது. நோய் அடங்கியதும் பெயரும் மறந்துபோயிற்று. அந்தப் பிரிவில் இருப்பவர்கள் யார், என்ன படித்தார்கள், அங்கே எமது பிள்ளைகளுக்கு இடமுண்டா என்று கேட்பார் இல்லை. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பத்தின் பிள்ளை இந்தத் துறைக்கு மிகவும் தேவைப்படுகிறது என்பதே இக்கட்டுரை சொல்லவரும் செய்தி.

வயலைப் பார்ப்பது போல ஊரைப் பார்ப்பவர்

வயலில் ஒரு மூலையில் பயிர் மஞ்சளாகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள விவசாயி அந்த ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். எந்த மூலையில் தொடங்கியது? எத்தனை நாளாகிறது? தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது? பக்கத்து வயலில் என்ன நெல்லினம்? அங்கே ஏன் மஞ்சளாகவில்லை? இத்தனையும் கேட்ட பின்பே அறக்கொட்டியா, உரக்குறையா என்று முடிவுக்கு வருவார்.

தொற்றுநோயியலாளர் மனிதர் விடயத்தில் இதையே செய்கிறார். வைத்தியர் தம் முன்னால் இருக்கும் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். தொற்றுநோயியலாளர் ஊர் முழுவதையும் ஒரு நோயாளியாகப் பார்க்கிறார். யாருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது என்பவை அவருடைய முதல் மூன்று கேள்விகள். "யாருக்கு வரவில்லை, ஏன்?" என்பது நாலாவது கேள்வி. பல தடவைகளில் விடை இந்த நாலாவது கேள்வியிலேதான் கிடைக்கிறது. பெயரில் "தொற்று" இருந்தாலும் வேலை தொற்றுநோயோடு முடிவதில்லை. சிறுநீரக நோய், நீரிழிவு, பாம்புக்கடி, பூச்சிமருந்து நஞ்சு, வீதி விபத்து ஆகிய அனைத்தையும் இதே முறையில் ஆராய்கிறார்கள்.

இத்துறையின் தொடக்கமாக உலகம் சொல்லும் சம்பவம் 1854இல் இலண்டனில் நடந்தது. சோகோ என்னும் நெருக்கமான பகுதியில் வாந்திபேதி பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றே காரணம் என்று அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் நம்பினர். ஜோன் ஸ்நோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைத் தேடிச் சென்றார். பெரும்பாலோர் புரோட் வீதியில் இருந்த ஒரு தண்ணீர்ப் பம்பைச் சுற்றி வாழ்ந்தவர்கள் என்று கண்டார். அதே வீதியில் இருந்த மதுபானத் தொழிற்சாலையின் ஆட்கள் நோயின்றி இருந்தனர். அவர்கள் அந்தப் பம்பின் தண்ணீரைக் குடிக்கவில்லை. செப்டெம்பர் 8ஆம் திகதி பம்பின் கைபிடி கழற்றப்பட்டது.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொருவர் உண்டு. அவர் அப்பகுதியின் அங்கிலிக்கன் குருவானவர் ஹென்றி வைற்ஹெட். ஸ்நோ சொல்வது பிழை என்று காட்டவே அவர் விசாரணையைத் தொடங்கினார். அந்த மக்களைப் பெயர் சொல்லி அறிந்தவர் என்பதால் வைத்தியருக்குத் திறக்காத கதவுகளும் அவருக்குத் திறந்தன. விசாரித்துச் சென்றபோது, ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டதையும், அதன் துணிகளைக் கழுவிய நீர் கிணற்றை ஒட்டிய மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டுபிடித்தார். ஸ்நோ சொன்னது சரி என்று தானே சாட்சி சொல்லவேண்டியதாயிற்று. கணக்குத் தெரிந்தவரும் மக்களைத் தெரிந்தவரும் சேர்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

மலைநாடு கண்ட பெருந்துயர்

எமது நாட்டில் இத்துறைக்கு ஆழமான வேர் உண்டு. 1934ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்தில் வருடம் முழுதும் ஓடும் ஆறுகள் வற்றின. மகா ஓயா, தெதுறு ஓயா போன்றவற்றின் மணற்படுக்கைகளில் ஆங்காங்கே குட்டைகள் தேங்கின. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு இனமொன்று இத்தகைய தெளிந்த, வெயில்படும் குட்டை நீரிலேயே முட்டையிடும். அவ்வருடக் கடைசியில் தொடங்கிய கொள்ளைநோய் 1935இன் நடுப்பகுதி வரை நீடித்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெரும் அழிவைக் கண்டன. கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளும் தப்பவில்லை. ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்த நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர்.

வறண்ட பிரதேசங்களில் மலேரியா எப்போதும் இருந்தது. அங்குள்ளவர்களின் உடலில் ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் இருந்தது. ஈரவலயத்து மக்களுக்கோ அது இல்லை. முந்திய போகத்தில் விளைச்சலும் குறைந்து, அரைப் பட்டினியில் இருந்த குடும்பங்களையே நோய் முதலில் சாய்த்தது. அன்றைய சுகாதாரப் பணிப்பாளர் பிரியர்கிளிவ், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட நிபுணர் கில் ஆகியோர் எழுதிய அறிக்கைகள் மழை, ஆறு, நுளம்பு, பசி ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தன. ஒரு நோய்க்கு ஒரே காரணம் என்று எண்ணக்கூடாது என்ற பாடத்தை அவற்றில் கற்கலாம்.

பின்னர் நடந்ததும் பாடமே. 1946 முதல் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. "நோய் ஒழிந்தது" என்று எண்ணினர். தெளிப்பு நிறுத்தப்பட்டது, இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் தளர்ந்தன. எலஹெர பக்கத்து இரத்தினக்கல் குழிகளில் தண்ணீர் தேங்கியது, மழையும் குறைந்தது. 1969ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் நோயுற்றனர்.

மீண்டும் எழுந்து நிற்கப் பல பத்து வருடங்கள் சென்றன. யுத்த காலத்திலும் மலேரியாத் தடை இயக்கத்தின் நடமாடும் கிளினிக்குகள் இடம்பெயர்ந்தோர் இருந்த இடங்களுக்குப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்தன. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. இன்றும் வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் இரத்தத்தைப் பரிசோதிக்கிறார்கள். 1963இன் பாடம் மறக்கப்படவில்லை.

அணையும் இடப்பெயர்வும்

கண்டியைச் சுற்றி வாழும் எமக்கு மகாவலித் திட்டம் புதிதல்ல. 1976இல் பொல்கொல்லை, 1985இல் விக்டோரியாவும் கொத்மலையும் என்று அணைகள் எழுந்தன. பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போயிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வறண்ட பிரதேசக் குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தன. மலையின் குளிரில் மலேரியாவை அறியாத பிள்ளைகள் அங்கே போய் அதைச் சந்தித்தனர். இங்கே இருந்தவர்களுக்கும் மாற்றம் வந்தது. அணைகளுக்குக் கீழே ஆற்றில் ஓட்டம் குறைந்து குட்டைகள் உண்டாகின. 1980களின் நடுப்பகுதியில், வழக்கமாக மலேரியா இல்லாத மேல் மகாவலிக் கரையோரங்கள் சிலவற்றில் காய்ச்சல் தலைகாட்டியது. 1934இல் மழை பொய்த்ததால் வந்த குட்டை, இம்முறை மனிதர் ஆற்றை மறித்ததால் வந்தது.

குடியேறிய இடங்களில் இன்னொரு நோய் மெதுவாக வந்தது. 1990களிலிருந்து அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களிலும் பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டையிலும் விவசாயிகளின் சிறுநீரகம் செயலிழக்கும் நோய் பெருகியது. நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாதவர்களுக்கும் வந்தது. நோயாளர் பலர் கண்டி வைத்தியசாலைக்கே வந்தனர். தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட், கட்மியம், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரிழந்து உழைப்பது என்று பல காரணங்களைப் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிறரும் ஆராய்ந்துள்ளனர். முடிந்த முடிவு இன்னும் இல்லை. ஆனால் ஒரே கிராமத்தில் ஊற்று நீர் குடிப்பவர்களிடம் நோய் குறைவாகக் காணப்பட்டது என்பதை ஆய்வாளர் பலர் கவனித்தனர். நாம் முன்பு சொன்ன நாலாவது கேள்வி இங்கே பயன்பட்டது. காரணம் உறுதியாகும் முன்பே சுத்திகரித்த குடிநீர் கொடுக்கும் முயற்சிகள் அதன் துணையோடு விரிந்தன.

எலிக்காய்ச்சலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயற்சேற்றில் இறங்கும் எவருக்கும் வரக்கூடியது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு காயத்தின் வழியாகக் கிருமியை உடலுக்குள் விடுகிறது. 2008இல் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்நோய்ச் சந்தேகத்தில் பதிவாகினர். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எந்தப் பிரதேசத்தில், எந்த மாதத்தில், எந்த வேலை செய்பவருக்கு வருகிறது என்ற கணக்கு இருப்பதால்தான், விதைப்புக்கு முன்பே விவசாயிகளுக்குத் தடுப்பு மாத்திரை கொடுக்கச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு முடிகிறது.

முகவரி தவறினால்

இந்தக் கணக்கு எப்படிச் சேர்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருப்பது நல்லது.

1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டத்தின்படி சில நோய்களைச் சந்தேகித்த உடனேயே வைத்தியர் அறிவிக்க வேண்டும். டெங்கு, எலிக்காய்ச்சல், செங்கண்மாரி, நெருப்புக் காய்ச்சல் முதலியன அப்பட்டியலில் உள்ளன. வைத்தியசாலையில் ஓர் அறிவித்தல் படிவம் நிரப்பப்படுகிறது. அது நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டுக்குச் சென்று விசாரிக்கிறார். கிணற்றையும் சுற்றாடலையும் பார்க்கிறார். அயலில் வேறு எவருக்கும் காய்ச்சலா என்று கேட்கிறார். வாரம் ஒரு முறை இவ்விபரங்கள் கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குச் சென்று சேர்கின்றன. 1959இல் தொடங்கிய அப்பிரிவு ஒவ்வொரு வாரமும் மாவட்ட வாரியாக அறிக்கை வெளியிடுகிறது. எந்த மாவட்டத்திலிருந்து அறிக்கைகள் நேரத்துக்கு வந்தன, எத்தனை வரவில்லை என்பதற்கும் அதில் இடம் உண்டு.

நல்ல ஏற்பாடு. ஆனால் முழுவதும் ஒரு முகவரியில் தங்கியிருக்கிறது.

மண்சரிவால் ஊரைவிட்டு வந்த குடும்பம் ஒன்று பாடசாலையிலோ நலன்புரி நிலையத்திலோ உறவினர் வீட்டிலோ இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பின் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் இப்படி வாழ்ந்தவர்கள் பலர். பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது. வைத்தியசாலையில் முகவரி கேட்கிறார்கள். தாய் அடையாள அட்டையை நீட்டுகிறாள். அதில் பழைய ஊர். படிவம் பழைய ஊருக்குப் போகிறது. பரிசோதகர் அங்கே சென்று மண் மூடிய வீட்டைப் பார்த்துத் திரும்புகிறார். பிள்ளை நோயுற்ற இடத்தில், அதே தண்ணீரைக் குடிக்கும் மற்றப் பிள்ளைகளை எவரும் போய்ப் பார்ப்பதில்லை.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 600 பேர். அவர்களில் 12 பேருக்குக் காய்ச்சல். பக்கத்து நலன்புரி நிலையத்தில் 90 பேர். 9 பேருக்குக் காய்ச்சல். ஆட்களை மட்டும் எண்ணினால் ஊரில்தான் நோய் அதிகம். நூறு பேருக்கு எத்தனை என்று பார்த்தால் ஊரில் 2, நிலையத்தில் 10. ஐந்து மடங்கு. இதைக் காண்பதற்கு நிலையத்தில் 90 பேர் இருக்கிறார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பழைய கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் பெயர் வெட்டப்பட்டு, புதிய இடத்துப் பட்டியலில் இன்னும் சேர்க்கப்படாத குடும்பம் இரண்டு கணக்கிலும் இல்லை. கணக்கில் இல்லாதவருக்கு மாத்திரையும் வராது, குளோரினும் வராது, மலசலகூடமும் வராது.

2009இல் வவுனியா முகாம்களில் இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்டிருந்தபோது செங்கண்மாரியும் கொப்பளிப்பானும் பரவியதை அங்கிருந்து வந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தோட்டப்புறங்களிலும் இதையொத்த குறை நீண்டகாலம் இருந்தது. அங்கே சுகாதாரம் அரசிடம் இல்லாமல் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. விசாரிக்க வருபவருக்குத் தமிழ் தெரியாததால் லயத்தில் இருக்கும் தாய் தலையை மட்டும் ஆட்டி அனுப்புவது இன்றும் நடக்கிறது. "எந்தப் பீலியில் தண்ணீர் எடுக்கிறீர்கள், அக்கா?" என்று அவளுடைய மொழியில் கேட்க ஒருவர் வந்தால் படிவத்தில் எழுதப்படும் விபரமே வேறாக இருக்கும்.

இடம்பெயர்ந்து வளர்ந்த பிள்ளை இதைப் பாடப்புத்தகத்தில் படிக்கவேண்டியதில்லை. "முகவரி என்ன?" என்று கேட்டபின், "இப்போது இரவில் எங்கே படுக்கிறீர்கள்?" என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்க அந்தப் பிள்ளைக்குத் தானாகவே தோன்றும்.

எந்த வழியால் போகலாம்?

முதலாவது, மருத்துவ வழி. க.பொ.த. உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் படித்து மருத்துவ பீடத்துக்குத் தெரிவாக வேண்டும். பேராதனை மருத்துவ பீடம் 1962இல் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடமாகத் தொடங்கியது. யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. ஐந்து வருடப் படிப்பு, ஒரு வருட உள்ளகப் பயிற்சி, பின்னர் அரச சேவை. அதன்பின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் சமுதாய மருத்துவம் படித்து விசேட நிபுணராகலாம். எல்லாம் முடிய ஏறக்குறைய பன்னிரண்டு, பதினான்கு வருடங்கள் செல்லும். ஆனால் உள்ளகப் பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து சம்பளம் உண்டு. நிபுணராகுமுன்பே சுகாதார வைத்திய அதிகாரியாகவோ, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் பிராந்தியத் தொற்றுநோயியலாளராகவோ பணியாற்ற வழியுண்டு.

இரண்டாவது, களவழி. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரே இத்துறையின் கண்ணும் காதும். 1926இல் களுத்துறையில் தொடங்கிய நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவிலிருந்து வளர்ந்ததே அங்குள்ள தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவனம். பரிசோதகர்களுக்கான பயிற்சி அங்கே நடைபெறுகிறது. தகைமைகளும் விண்ணப்பத் திகதியும் வர்த்தமானியில் வரும். தமிழ் தெரிந்தவர்களின் பற்றாக்குறை மலைநாட்டில் பெரிது. மருத்துவ பீடத்துக்கு ஓரிரு புள்ளிகளால் தவறிய பிள்ளை சோர்ந்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது, கால்நடை வழி. எலிக்காய்ச்சல், நீர்வெறுப்பு நோய் முதலியன விலங்கிலிருந்து வருபவை. நாட்டின் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையிலேயே இருக்கிறது. கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த வழி இன்னும் அருகில்.

நாலாவது, கணித வழி. எண்களைப் படித்தறிபவர் இன்றி இத்துறை இயங்காது. பேராதனை விஞ்ஞான பீடத்தில் புள்ளிவிபரவியல் படித்தவர் வைத்தியராகாமலே நோய்க்கணக்கை ஆராயும் பணியில் சேரலாம். மேற்படிப்புக்குச் சென்னையில் 1999இல் உருவான தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் போன்றவையும் உள்ளன.

எந்த வழியானாலும் மூன்று தயாரிப்புகள் இப்போதே வேண்டும். கணிதத்தைக் கைவிடக்கூடாது. ஆங்கிலம் வேண்டும், பல்கலைக்கழகத்தில் இப்படிப்பெல்லாம் அந்த மொழியிலேயே நடக்கிறது. சிங்களமும் வேண்டும், கண்டி மாவட்டத்தில் ஒரு ஆற்றின் இரு கரையிலும் நின்று கேள்வி கேட்க வேண்டியவருக்கு ஒரு மொழி போதாது.

பெற்றோரின் நியாயமான ஐயங்கள்

"அத்தனை வருடம் படிக்க வைக்க எங்களிடம் என்ன இருக்கிறது?" அரச பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் வேறு உதவித்தொகைகளும் உண்டு. அவை முழுச் செலவையும் தாங்காது என்பதும் உண்மை. அனுமதியில் மாவட்ட அடிப்படையும் பார்க்கப்படுவதால், இடையில் மாவட்டம் மாறிய பிள்ளைகள் பாடசாலை மாறிய திகதிகளுக்கான கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டை உயர்தரத்துக்கு முன்பே ஆசிரியருடன் இருந்து வாசித்துவிடுவது நல்லது.

"டொக்டரானால் தனியாகக் கிளினிக் வைக்கலாம், இதில் என்ன வருமானம்?" சம்பளம் நிலையானது. ஆனால் மாலையில் வீட்டு வாசலில் நோயாளர் வரிசை நிற்காது. நோய் வராமல் தடுத்தவருக்கு நன்றி சொல்ல எவரும் வருவதில்லை. தமக்கு வராத நோயை யார் அறிவார்? நன்றியை எதிர்பார்த்து இத்துறைக்குப் போகக் கூடாது என்பதைப் பிள்ளைக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"பெண்பிள்ளை தனியாக மலையெல்லாம் ஏறித் திரிவதா?" மழையிலும் வெயிலிலும் லயங்களுக்கும் கிராமங்களுக்கும் நடந்து போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள் பெண்களே. தாய்மாரிடம் விபரம் பெறுவதில் அவர்களுக்கு நிகர் இல்லை.

இன்னொரு சுமையும் உண்டு. உண்மைக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் நிற்க வேண்டிய வேளைகள் வரும். கொரோனாவால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் கூறியது. ஆனால் இங்கே 2020 ஏப்ரில் முதல் 2021 பெப்ரவரி வரை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்களும் கிறிஸ்தவக் குடும்பங்களும் அடைந்த வேதனையை நாம் பார்த்தோம். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அந்த மன்னிப்பு, எரிக்கப்பட்ட எவரையும் திரும்பத் தரவில்லை. ஆதாரம் இல்லாத ஒன்றை "இது விஞ்ஞானம்" என்று சொல்லச் சொன்னால் மறுக்கும் துணிவு இத்துறைக்கு வருபவருக்கு வேண்டும்.

முன்னே நடந்தவர் ஒருவர்

தமிழில் எழுதி, தமிழர் நடுவே இவ்வழியில் நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக விளங்கிய செ. சிவஞானசுந்தரம் அவர்களில் ஒருவர். இலக்கிய வாசகர் அவரை "நந்தி" என்ற பெயரால் அறிவர். மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வைத்து "மலைக்கொழுந்து" என்ற நாவலை எழுதியவர் அவரே. பொதுமக்களுக்கு விளங்கும் தமிழில் சுகாதார நூல்களையும், மாணவர்களுக்கு ஆராய்ச்சி செய்யும் முறை பற்றிய நூலையும் எழுதினார். 2005இல் காலமானார். மனிதர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவரால்தான் நாவலும் எழுத முடியும், நோயின் காரணத்தையும் தேட முடியும். அவர் இரண்டையும் செய்து காட்டினார்.

இன்று செய்யக்கூடியவை

பிள்ளை தொற்றுநோயியலாளராக வருவதற்குப் பல வருடங்கள் உண்டு. ஆனால் சில வேலைகளை இந்த வாரமே தொடங்கலாம்.

வைத்தியசாலையில் முகவரி கேட்டால் அடையாள அட்டையை மட்டும் நீட்டாதீர்கள். "அட்டையில் உள்ளது பழைய ஊர், இப்போது இன்ன இடத்தில் இருக்கிறோம்" என்று வாயால் சொல்லி, அதை எழுதச் செய்யுங்கள். எத்தனை நாளாக அங்கே இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வயலில் இறங்கி வேலை செய்தவராயின் அதையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை வைத்தியர் நேரத்துக்கு நினைக்க அது உதவும்.

புதிய இடத்துக் கிராம உத்தியோகத்தரிடமும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் குடும்பத்தில் உள்ள அனைவரையும், கைக்குழந்தை உட்பட, பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் கிளினிக் அட்டைகளைத் தண்ணீர் புகாத உறையில் வையுங்கள்.

உயர்தரம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு கொப்பியைக் கொடுங்கள். உங்கள் நிலையத்திலோ வரிசையிலோ எத்தனை வீடுகள், எத்தனை பேர், எங்கிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள், யாருக்கு எந்தத் திகதியில் காய்ச்சல் அல்லது வயிற்றோட்டம் தொடங்கியது என்று எழுதட்டும். ஒரே வாரத்தில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே நோய் கண்டால், அந்தக் கொப்பியோடு சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போகட்டும். நோயாளரின் பெயரை வேறு எவரிடமும் சொல்லக்கூடாது என்பதையும் அப்போதே கற்றுக்கொள்ளட்டும்.

அந்த அலுவலகத்தில் கொப்பியை வாங்கிப் பார்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அந்த இடத்தில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?" உங்கள் பிள்ளை தலையை நிமிர்த்தி அதற்குச் சரியான எண்ணைச் சொல்லட்டும்.